முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்

நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். பாதியிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள், நானும் அப்படிக் கட்டி ஏமாந்தவன்தான்.

கரூரில் மரகதவல்லி என்று ஒருத்தி. படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பதினொரு வருடம் பில் போட்டவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் தொடர்கதை எழுத ஆரம்பித்தாள். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? ஒரு நாள் வேலையையே விட்டுவிட்டாள்.

"கதை எழுதித்தான் கரண்டு பில்லு கட்டப் போறீங்களாக்கும்" என்று கொழுந்தன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பழைய சம்பளமான பதினாலாயிரத்தை ஒரு வருடத்துக்குள் எழுத்தில் சம்பாதித்துக் காட்டுவேன், முடியாவிட்டால் அதே நாற்காலிக்குத் திரும்பிவிடுவேன் என்று வீட்டார் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள்.

இணையத்தில் கதை படிக்கிறவர்களின் உலகம் தனி. அத்தியாயத்துக்கு அங்கே 'எபி' என்று பெயர். செவ்வாயும் வெள்ளியும் எபி வந்தாக வேண்டும், பத்து நிமிடம் பிந்தினால் "எங்கே சிஸ்?" என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள். சந்தா மாதம் அறுபது ரூபாய். பிடித்தால் கட்டலாம், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். எட்டாம் மாதத்தில் அவளுக்கு நூற்றுத் தொண்ணூறு சந்தாதாரர்கள் இருந்தார்கள். இன்னும் ஐம்பது பேர் சேர்ந்தால் கரையேறிவிடலாம்.

அப்போதுதான் மழையில் ஸ்கூட்டி வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. நாற்பது நாள் மாவுக்கட்டு. கதையில் முப்பத்தோராவது எபி முடிந்திருந்தது. விவாகரத்துக் கேட்டுப் போன கதாநாயகி பூமாரி நீதிமன்றப் படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது எபி பாக்கி. இனி எப்போது எழுதுவேன் என்று தெரியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மரகதவல்லி அறிவித்துவிட்டாள்.

மறுநாளே மூன்று வாசகர்களிடமிருந்து செய்தி வந்தது.

முதலாமவர் திருநெல்வேலி சிதம்பரநாதன், தபால் துறையில் ஓய்வு பெற்றவர். பத்தாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். எழுதினாலும் எழுதாவிட்டாலும் வருத்தமில்லை, இனி கவலையில்லாமல் ஓய்வெடுங்கள் அம்மா என்று ஒரு குறிப்பு.

இரண்டாவது தூத்துக்குடி ஜெசிந்தா, பள்ளி ஆசிரியை. கதையை முதல் எபியிலிருந்து மனப்பாடமாக வைத்திருப்பவள். ஒரே இரவில் கண்விழித்து அடுத்த எபியை மரகதவல்லியின் நடையிலேயே எழுதி அனுப்பிவிட்டாள், மிச்சத்தையும் முடித்துத் தருவதாகச் சொன்னாள். "உங்க பேர்லயே போடுங்க சிஸ், எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். படித்துப் பார்த்த மரகதவல்லிக்கே அது தன் எழுத்துபோல இருந்தது.

மூன்றாவது ஓசூர் வீரமணி, லேத் பட்டறைத் தொழிலாளி. அவன் சந்தாவை நிறுத்திவிட்டான். "நான் கடைஞ்சு குடுக்குற உருப்படிக்கு, பீஸ் கணக்குல, கூலி வாங்குறவன். பீஸ் குடுக்காம கூலி வாங்குனதில்ல, பீஸ் வராம கூலி குடுத்ததும் இல்ல. உங்க எபி வர்ற அன்னிக்கே அறுபது ரூபா வந்துரும்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதியும் வைத்தான். மற்ற வாசகர்கள் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். கை உடைந்த பெண்ணிடம் கணக்குப் பேசுகிறானே, இவனெல்லாம் மனிதனா?

மரகதவல்லி அன்று முழுக்க அழுதாள். சிதம்பரநாதனின் பணத்தை எடுத்துக்கொண்டால் அந்த மாதமே பதினாலாயிரத்தைத் தாண்டிவிடலாம். ஜெசிந்தாவின் எபிகளைப் போட்டால் ஒரு சந்தாதாரர்கூட விலக மாட்டார். எதைச் செய்தாலும் கொழுந்தன் வாயை அடைத்துவிடலாம். ஆனாலும் கண்ணை மூடினால் வீரமணி எழுதியதுதான் எதிரே வந்து நின்றது. அழுகை போய்க் கோபம் வந்தது. எழுந்து உட்கார்ந்து, இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தாள்.

பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்பினாள், பெரியவருக்கு மனத்தாங்கல். ஜெசிந்தாவிடம் நன்றி சொல்லி, வேண்டாம் என்றாள். அவள் ஒரு வாரம் பேசவில்லை.

பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, முப்பத்திரண்டாவது எபி வந்தது. வழக்கத்தில் பாதி நீளம்தான். அன்றைக்கே வீரமணியின் அறுபது ரூபாயும் வந்தது, கூடவே ஒரு குறையும்: போன எபியில் வக்கீல் பெயர் சண்முகம், இதில் சிவக்குமார் என்றிருக்கிறது, திருத்துங்கள்.

பதினோராம் மாதம் கதை முடிந்தது. சந்தாதாரர்கள் இருநூற்று நாற்பதைத் தொட்டார்கள். கதை புத்தகமாகவும் அச்சேறியது. கை உடைந்தபோது அந்த மூவரும் செய்ததைச் சொல்லி, அவர்களில் ஒருவருக்குத்தான் சமர்ப்பணம் என்று மரகதவல்லி அறிவித்ததும் வாசகர்களுக்குள் மூண்டது சண்டை. பணம் கொடுத்த பெரியவருக்கே என்றார்கள் பலர். உழைப்பைக் கொடுத்த ஜெசிந்தாவுக்கே என்றார்கள் சிலர். வீரமணி பெயரை எடுத்தவர் ஒருவரும் இல்லை.

சொல்லுங்கள், அந்த முதல் பக்கத்தில் யார் பெயர் இருப்பது நியாயம்?

விடை: வீரமணி பெயர்தான். பெரியவரின் மனம் பெரிது, ஆனால் அவர் பணம் கொடுத்தது அவள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று. ஜெசிந்தாவின் அன்பும் பெரிது, ஆனால் அவள் அன்பு செலுத்தியது கதைமேல்; அதை எழுத மரகதவல்லி இல்லாவிட்டாலும் ஆகும் என்று காட்டிவிட்டாள். எபி வரும், வருகிற அன்றைக்குக் கூலி தரவேண்டும் என்று நம்பியவன் அவன் ஒருவன்தான். எழுதிப் பிழைப்பேன் என்று சொன்னவளைத் தொழிலாளியாக மதித்தவனும் அவன்தான். மரகதவல்லியும் அவன் பெயரையே போட்டாள், முதல் பிரதியை ஓசூருக்கு இலவசமாக அனுப்பிவைத்தாள். புத்தகம் போய்ச் சேர்ந்த அன்றே அதன் முழு விலையையும் அனுப்பிவிட்டான் அந்த மனிதன்.