பாசி பிடிக்காத கற்கள்

"அழிச்சுப்போட்டானுங்க அம்மிணி! கல்லைக்கூட விட்டு வெக்கலையே, படுபாவிங்க!"

நாச்சிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து நின்றார். ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பாசிகளை ஆராயும் ஜெசிந்தாவிடம் மாணவர். குருவுக்கு அவருடைய மகள் வயதுதான்.

ஜெசிந்தா நுண்ணோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க சார். எந்தக் கல்?"

"குளத்துக் கல்லுதானுங்க! கரையைச் சீர்படுத்தறோம்னு சாய ஆலைக்காரன் பழைய கல்லையெல்லாம் லாரியில அள்ளிட்டான். புதுக் கல்லைக் கொட்டியிருக்கறான். கோரையையும் வேரோட வழிச்செடுத்தாச்சு."

அவர் கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆலை நாள் தவறாமல் சாயக்கழிவைக் குளத்தில் விடும். அதிகாரி வருகிறார் என்றால் மட்டும் குழாயை மூடிவிடும். அதிகாரி ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு சோதிப்பார். குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

தண்ணீர் அன்றைக்கு உள்ளதைத்தான் சொல்லும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தார். கல்லிலும் கோரைத்தண்டிலும் வழவழவென்று படிந்திருக்கும் பாசியோ மாதக்கணக்கில் நடந்ததைச் சொல்லும். அதில் டயாட்டம் என்று கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி இருக்கிறது. கண்ணாடி ஓட்டுக்குள் வாழ்வது. நல்ல தண்ணீரில் ஒரு இனம் பெருகும், கெட்ட தண்ணீரில் வேறு இனம் பெருகும். கல்லைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை யாரோ ஆலைக்காரன் காதில் போட்டுவிட்டார்கள்.

"புதுக் கல்லுல பாசி பிடிக்க எவ்வளவு நாளாகும் சார்?"

"ஒரு மாசமாச்சும் ஆகும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"விசாரணை எப்போ?"

"வெள்ளிக்கிழமை!"

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் விசாரிக்கும்போது கையில் சான்று இல்லையென்றால், இன்னொரு குழாய் போட ஆலைக்கு அனுமதி கிடைத்துவிடும். குளம் போனால் ஊர்க் கிணறுகளும் போகும். அப்புறம் அந்த ஊரில் யார் இருப்பார்கள்?

நாச்சிமுத்து பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். அது கரும்பச்சையாய் வழுக்கியது.

"இதைத் தேய்ச்சுப் பாருங்க. நாறிப்போன கல்லு."

"எங்க எடுத்தீங்க?"

"பக்கத்தூர்ச் சாக்கடையில. எந்தக் கல்லுன்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

ஜெசிந்தா அந்தக் கல்லை எடுத்தார். ஜன்னல் வழியாக வெளியே போட்டார். கையைக் கழுவினார்.

நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவன் ஊரையே ஏமாத்தறான். நான் ஒரு கல்லை மாத்தினாத் தப்புங்களா? உங்களுக்குக் கோபமே வராதா?"

"வருது."

"எங்கீங்க? எனக்கொண்ணும் தெரியலையே!"

"வாங்க, குளத்துக்குப் போகலாம்."

கரை முழுக்கப் புதுக் கல். கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி பளிச்சென்று இருந்தது. ஜெசிந்தா நடந்துகொண்டே பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை.

நாச்சிமுத்துவின் கண்ணில் பட்டது வேறு. தண்ணீருக்குள், முழங்கால் ஆழத்தில், இரண்டு மரக்கால்களில் ஒரு பெரிய பலகை நின்றது.

'இக்குளம் எங்கள் குழந்தை. கண்போல் காப்போம். இப்படிக்கு, ஆலை நிர்வாகம்.'

பக்கத்தில் முதலாளியின் சிரித்த முகம்.

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"கொழந்தையாமா, கொழந்தை! பெத்த கொழந்தைக்கு எவனாச்சும் விஷத்தை ஊட்டுவானாடா?"

படத்தைப் பார்த்தே கேட்டார். பலகையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். மரக்கால்கள் ஆடின. இன்னும் ஓங்கி உலுக்கினார். சேறு கலங்கி மேலே வந்தது.

ஜெசிந்தா தண்ணீரில் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை எப்போ நட்டாங்க சார்?"

"பொங்கலுக்கு! மேளம் வெச்சு, பொன்னாடை போத்தி! மாசக்கணக்கா நிக்குது. தேதியைக்கூடக் கொட்டை எழுத்துல போட்டிருக்கறான் பாருங்க, வெக்கங்கெட்டவன்!"

"அதுக்கப்புறம் இதை யாராவது கழுவினாங்களா?"

"இதை எவனுங்க கழுவறான்? கல்லைத்தான் அவன்..."

நாச்சிமுத்து பாதியில் நிறுத்தினார். குனிந்தார். தண்ணீருக்குள் மரக்கால் பழுப்பேறிக் கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். வழுக்கியது.

அதற்குள் பலகை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. அவர் உலுக்கிய உலுக்கு அப்படி.

ஜெசிந்தா ஓரடி முன்னால் வந்து, அதைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். முதலாளியின் சிரித்த முகம் அவர் காதோரம் வந்து நின்றது.

"விழாம நான் பிடிச்சுக்கறேன் சார்" என்றார். "பிரஷ் என் பையில இருக்கு. தேய்ங்க."