சரிவில் நின்ற ஜீப்

"டீச்சர், பயம் போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

போடியிலிருந்து குரங்கணி போகும் சாலையில் இருக்கும் பழைய ஜீப் பட்டறைக்குள் நுழைந்ததும் தெய்வேந்திரன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். ஒரு வணக்கம்கூட வைக்கவில்லை.

மெஹருன்னிசா ஒரு கியர்பாக்ஸுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதைப் பாத்துப் பயம்ணே?"

"ஜீப்பைப் பாத்து."

"யாரோட ஜீப்பை?"

"என் ஜீப்பைத்தான்."

தெய்வேந்திரன் ஏலக்காய் வியாபாரி. பேரன் பேத்தி எடுக்கிற வயது. மெஹருன்னிசா அவரைவிட ரொம்பவே சின்னவர். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவர், வேலையை விட்டுவிட்டுப் பழைய ஜீப்புகளுக்கு உயிர் கொடுக்க உட்கார்ந்துவிட்டார். மலையேறும் பழைய வண்டிகள் மேல் பைத்தியம் பிடித்தவர்கள் என்றைக்காவது ஒருநாள் அந்தப் பட்டறைக்கு வந்து கைகட்டி நிற்பார்கள். அவர்கள் எல்லாரும் அவருக்கு அண்ணன்மார். அவர் எல்லாருக்கும் டீச்சர்.

தெய்வேந்திரன் அவரிடம் ஞாயிறுதோறும் வந்து வேலை கற்றுக்கொண்டவர். நன்றாகவே கற்றுக்கொண்டார். பிறகு ராணுவ ஏலத்தில் வந்த ஒரு ஜீப்பை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் போட்டு, தன் கையாலேயே முடித்தார். டீச்சரைக்கூடத் தொடவிடவில்லை.

முடித்த பிறகுதான் சனியன் பிடித்தது.

"கண்ணை மூடினா பிரேக் பெடல் தரையில போய் இடிக்குது டீச்சர்."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"மாத்திரை குடுத்தாரு. இப்ப தூக்கம் நல்லா வருது. கனவும் நல்லா வருது."

"கோயிலுக்கு?"

"போனேன். தர்காவுக்கும் போயிக் கயிறு வாங்கிட்டு வந்தேன்."

மெஹருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வண்டி எங்க?"

"வெளிய, சரிவுல. கட்டை போட்டிருக்கேன்."

மலைச்சாலை ஜீப்காரர்கள் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை நிறுத்த மாட்டார்கள். இறங்கியதும் சக்கரத்தடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் டீ குடிக்கப் போவார்கள்.

"வீட்டுலருந்து ஓட்டிட்டா வந்தீங்க?"

"முதல் கியர்லயே வந்தேன். நடுவுல ஒரு ஆட்டு மந்தை என்னைத் தாண்டிப் போச்சு."

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தெய்வேந்திரனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"வியாழக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம் டீச்சர். மலைமேல எஸ்டேட் கோயில்ல தாலி கட்டு. கீழ போடியில மண்டபத்துல விருந்து. நிறைமதி சொல்லிட்டா, கார் வேணாமாம். அப்பா முடிச்ச ஜீப்புலதான் மாப்பிள்ளையோட இறங்குவாளாம்."

"ஆசையாத்தானே கேட்டிருக்கு பொண்ணு."

"அவ்வளவு வளைவும் இறங்கணும். நான்தான் ஓட்டணும்."

சொல்லும்போதே அவர் உள்ளங்கை வேர்த்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஜீப் சரிவில் கீழ்நோக்கி நின்றது. முன் பம்பரில் கறுப்புக் கயிறு, மஞ்சள் கயிறு, பச்சைக் கயிறு. சீட்டில் ஒரு பை எலுமிச்சம்பழம்.

மெஹருன்னிசா வண்டியைச் சுற்றி வந்தார். தெய்வேந்திரன் பின்னாலேயே சுற்றினார். பயத்தில் செத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்குப் பெருமை எங்கிருந்துதான் வருமோ, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இந்தப் பெட்ரோல் மூடி பித்தளை, அப்ப உள்ளதேதான். இந்த விளக்குக் கண்ணாடிக்கு ஜபல்பூர் வரைக்கும் போனேன். பின்னாடி இருக்கிற தண்ணி கேன்ல வருஷம் அடிச்சிருக்கு பாருங்க. ஒரு ஆணிகூட இந்தக் காலத்து ஆணி இல்ல டீச்சர்."

"யாரு பாக்கப்போறா?"

"மெட்ராஸ்லருந்து பழைய வண்டிச் சங்கத்துக்காரங்க கல்யாணத்துக்கு வர்றாங்க. டார்ச்சு வச்சுக் கீழ படுத்துப் பாப்பாங்க. எல்லாம் அசல்னு அவங்க வாயால சொல்லிட்டாப் போதும்."

மெஹருன்னிசா குனிந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார்.

"ஸ்டீயரிங்?"

"மறுபடி மறுபடி கழட்டிப் பாத்துட்டேன்."

"மாஸ்டர் சிலிண்டர்?"

"சுத்தமா இருக்கு."

"பிரேக் லைனிங்?"

"நேத்துகூடப் பிரிச்சுப் பாத்தேன்."

"ரப்பர் ஹோஸ்?"

தெய்வேந்திரன் முன்கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"அது பெட்டி பிரிக்காத சரக்கு டீச்சர். திருச்சியில எப்பவோ கடையை மூடின ஒருத்தர் வீட்டுப் பரண்ல கிடைச்சது. அந்தக் காலத்துப் பெட்டி. உள்ள சுத்தின மெழுகுத்தாள்கூடக் கிழியல."

"பெட்டியை வச்சிருக்கீங்களா?"

"கண்ணாடி அலமாரியில வச்சிருக்கேன்."

"ம்."

அதற்குமேல் டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"பசியில்ல."

"எனக்குப் பசிக்குது."

மெஹருன்னிசா உள்ளே போய் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். சரிவில் இறங்கி, ஜீப்புக்கு நேர் முன்னால், சக்கரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், அங்க உட்காராதீங்க."

"இங்கதான் நிழலு. அந்தப் பையிலருந்து ஒரு பழம் குடுங்க."

நாலு சக்கரத்துக்கும் வைக்க என்று வாங்கிய பழம். மறுக்கவும் முடியவில்லை, கொடுத்தார். மெஹருன்னிசா அதை அரிந்து வறுத்த மீன் மேல் பிழிந்தார்.

"ஏறி உட்காருங்கண்ணே."

ஏறினார்.

"கியரை நியூட்ரல்ல போடுங்க."

போட்டார்.

"பிரேக்கை மிதிங்க. நல்லா மிதிங்க. ம், இப்ப ஹேண்ட் பிரேக்கை விடுங்க."

விட்டார். வண்டி கட்டைமேல் லேசாகச் சாய்ந்தது. அந்தச் சின்ன அசைவுக்கே அவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மெஹருன்னிசா வலது கையால் ஒரு வாய் சோறு சாப்பிட்டார். இடது கையைக் கட்டையின்மேல் வைத்தார்.

"கட்டையை இழுக்கப்போறேன்."

அப்போது பார்த்துப் போன் அடித்தது. சீட்டில் கிடந்த போனில் நிறைமதியின் பெயர் தெரிந்தது.

"எடுங்க. நான் எங்கயும் போயிரல."

காலை எடுக்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, அத்தையும் மாமாவும் நம்ம ஜீப்புலயே பின்னாடி ஏறிக்கிறாங்களாம். அவங்க சின்னதும் வருது. இடம் இருக்கும்ல?"

"இருக்கும்மா."

"பூவை முன்னாடி மட்டும் கட்டச் சொல்லவா? பக்கத்துல கட்டினா உங்களுக்கு ரோடு மறைக்கும்."

"சரிம்மா."

வைத்துவிட்டாள். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவளோடு சேர்ந்து பயப்பட்டிருக்கலாம். அப்பா முடித்த வண்டியில் அவள் எதற்கு அதைக் கேட்கப் போகிறாள்.

"இழுக்கட்டுமாண்ணே?"

அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகத்தான் போகும். நடுவில் மூன்று இடத்தில் ரப்பர் ஹோஸ். மூன்றில் ஒன்று வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இப்போது முன்னால் உட்கார்ந்து மீன் சாப்பிடுகிற அம்மாள்தான்.

"வேணாம் டீச்சர்."

"ஏன்? பிரேக்கைத்தான் மிதிச்சிருக்கீங்களே."

"எந்திரிங்க டீச்சர்."

"எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

கட்டை கொஞ்சம் நகர்ந்தது போல இருந்தது. நகர்ந்ததா, அவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா, தெரியாது.

"கையை எடுங்க" என்று தெய்வேந்திரன் கத்தினார். அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். இறங்கினார். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மெஹருன்னிசா கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு மீன்முள்ளை ஓரமாக வைத்தார்.

"சொல்லுங்க."

"ஹோஸ்."

"ம்."

"பெட்டியைப் பிரிச்சு வளைச்சுப் பாத்தப்பவே மேல மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரிஞ்சுச்சு. ஓடாத ரப்பர்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். விளக்கெண்ணெய் தடவித் துடைச்சேன். கோடு மறைஞ்சிருச்சு. மாட்டிட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல."

"உங்ககிட்ட?"

தெய்வேந்திரன் பம்பரில் ஆடிய கயிறுகளைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. பெற்ற மகளை ஏற்றுகிற வண்டி.

மெஹருன்னிசா டிபன் பாக்ஸைக் கழுவப் போனார். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டினால் நன்றாக இருக்குமே என்று தெய்வேந்திரன் காத்திருந்து பார்த்தார்.

பிறகு எழுந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தார்.

முதலில் கழற்றிய ஹோஸை வெளிச்சத்தில் பிடித்து மடக்கினார். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி படக்கென்று ஒடிந்தது. ஒடிந்ததை ஓரமாகப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் கழற்றினார்.

புது ஹோஸ் டவுனிலேயே, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கிடைத்தது. எந்த ஜீப்காரனும் வாங்குகிற சாதாரணச் சரக்கு. கறுப்பு ரப்பர்மேல் வெள்ளை எழுத்துப் பளிச்சென்று இருந்தது. கீழே படுத்துப் பார்க்கிறவன் கண்ணில் முதலில் அதுதான் படும். தின்னர் வைத்து எழுத்தை அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை தவித்தது.

அப்படியே மாட்டினார்.

டீச்சர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவர் கீழே படுத்துக் குழாயிலிருந்து காற்றை வெளியே எடுத்தார். எண்ணெய் குமிழி இல்லாமல் வந்தது. எல்லா நட்டையும் இன்னொரு தடவை இறுக்கினார். வெயில் தாழ்ந்துவிட்டது.

மெஹருன்னிசா வண்டியை விட்டு இறங்கி, பழையபடி சக்கரத்துக்கு முன்னால் போகப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க மேலயே இருங்க."

"ஏன்ணே?"

"பிரேக்கை நீங்க மிதிங்க."

மெஹருன்னிசா ஒரு நொடி அவரைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து மிதித்தார். ஹேண்ட் பிரேக்கை விட்டார். வண்டி கட்டைமேல் லேசாகச் சாய்ந்தது.

தெய்வேந்திரன் சரிவில் இறங்கி, டீச்சர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் சம்மணம் போட்டார். கீழேயிருந்து பார்க்க ஜீப் பெரிதாகத் தெரிந்தது. கயிறுகள் முகத்துக்கு நேரே ஆடின. கட்டையின்மேல் கையை வைத்தார்.

"அண்ணே."

"சொல்லுங்க டீச்சர்."

"பயம் போயிருச்சா?"

தெய்வேந்திரன் நெஞ்சைக் கேட்டுப் பார்த்தார். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

"இல்ல டீச்சர். இருக்கு."

"நல்லது. கட்டையை எடுங்க."