பன்னிரண்டாவது விடைத்தாள்

துறைத்தலைவி தில்லைநாயகிக்கு இரண்டு நாளாகத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்லூரியில் அவள் துறையிலேயே கெட்டிக்காரரான எபனேசர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது ஆள். கடிதத்தை முதல்வருக்கு அனுப்புவதா, எபனேசரைக் கூப்பிட்டுப் பேசுவதா என்று நாளைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் அன்று அவளுக்குத் தலைமைத் தேர்வாளர் அமீர்ஜான். அவள் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவரும் அவர்தான். கேட்டே விட்டாள்.

"நான் யாரையும் அதட்டினது கிடையாது சார். அவங்க போடற கேள்வித்தாள், டைம்டேபிள் எல்லாத்தையும் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்து, நானே சரி பண்ணிடறேன். அப்படியும் ஏன் சார் யாருக்கும் வேலையில பிடிப்பே இல்லை?"

"முதல்ல விடைத்தாள் கட்டைப் பிரிம்மா."

முதல் தாளை வரிவரியாகப் படித்து முப்பத்தெட்டு போட்டாள். அமீர்ஜான் பச்சை மையில் அதை அடித்து நாற்பது போட்டார். காரணம் சொல்லவில்லை. அடுத்ததற்கு அவள் ஐம்பத்திரண்டு, அவர் ஐம்பத்தொன்று. தலைமைத் தேர்வாளர் பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும். இந்த மனுஷர் ஒன்றையும் விடவில்லை.

முதலில் அவளுக்கு ரோஷம் வந்தது. நான் என்ன நேற்று வந்தவளா? போகப் போக ஒன்றும் பிடிபடவில்லை. இவர் சோதிக்கிறாரா, நமக்குத்தான் திருத்தத் தெரியவில்லையா என்று குழம்பினாள்.

பன்னிரண்டாவது தாளை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"கடைசிக் கேள்விக்கு இந்தப் பிள்ளை என்னம்மா எழுதியிருக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தை எண்ணித்தான் மார்க் போட்டிருந்தாள். வெட்கமாகப் போய்விட்டது.

"எப்படியும் நீங்க மாத்தத்தானே போறீங்கன்னு..."

"படிச்சுட்டுப் போடு. இனி நான் தொடமாட்டேன்."

படித்தாள். ஒரு பதிலை இரண்டு தரம் படித்தாள். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எபனேசர் கடிதம் இருக்கா?" என்று பிறகு கேட்டார்.

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூன்றே வரி. நடுவரியில் ஒரு சொல் அடிக்கப்பட்டு, அதன் மேல் வேறொரு சொல் இருந்தது.

"இது யார் எழுத்து?"

"என்னுதுதான் சார். வாக்கியம் சரியா அமையலை, அதான்..." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

அமீர்ஜான் கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"போறேன்னு சொல்றதையாவது அவரையே சொல்ல விட்டிருக்கலாம்மா."