பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பலகை

ஐப்பசி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. விடியலில் தொடங்கிய மழை அப்போதும் விட்டிருக்கவில்லை. மலையின் இடுப்புக்கு மேலே எதுவும் தெரியவில்லை.

திருமேனிநாதர் மடத்து வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, அறுபத்தொன்றாம் வயதில், தம்மைவிடப் பத்து வயது இளையவரான வடிவுடை அம்மையைக் குருவாகக் கொண்டு இந்த மலையடிக்கு வந்தவர். அன்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம், கூடத்தில் இருந்த ஓர் இளைஞன்.

நவநீதன் என்று பெயர் சொன்னான். காலை ஆறு மணிக்கு நனைந்தபடி வந்து உட்கார்ந்தவன், கொடுத்த கஞ்சியைத் தொடவில்லை. மலையைப் பார்ப்பான். வாசலில் நட்டிருந்த பலகையைப் பார்ப்பான். மறுபடியும் மலையைப் பார்ப்பான்.

பலகையைத் திருமேனிநாதர்தாம் எழுதியிருந்தார். ‘மழைக்காலத் தடையை மீறி மலை ஏறி மீட்கப்படுவோர் ரூபாய் பன்னிரண்டாயிரம் செலுத்த வேண்டும்.’

அதற்கு நியாயம் இருந்தது. புரட்டாசியில் ஒருவன் தடையை மீறி உச்சிவரை போய் இடுப்பை முறித்துக்கொண்டான். தீயணைப்பு வண்டி வந்தாலும் அடிவாரத்தோடு நின்றுவிடும்; மேலே போக அதற்குக் கால் இல்லை. மலைச்சரிவில் இருக்கும் சிற்றூரான மேல்பதியின் ஆண்கள் ஆறு பேரும் டோலி கட்டி அவனை ஒன்பது மணி நேரம் சுமந்து இறக்கினார்கள். அவன் காரில் ஏறிப் போனான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு பேரில் மூத்தவரான ஜடையன் வீடு திரும்பியபோது, அவருடைய ராகி வயலில் பெரும்பகுதியைக் காட்டுப் பன்றிகள் மேய்ந்து முடித்திருந்தன.

பலகை வைக்க அனுமதி கேட்டபோது அம்மை இவ்வளவுதான் சொன்னார்: “எழுதுங்கள், ஐயா. எழுதியதன் பக்கத்திலேயே இருங்கள்.”

அதன் பொருள் விளங்காமலே அவர் தினமும் வாசலில் இருந்தார்.

நவநீதன் எழுந்து வந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“சார், ஒரு சந்தேகம். மூணாவது வளைவு வரைக்கும்தான்னா பாதிப் பணம் போதுமா?”

திருமேனிநாதர் நடை நின்றது. அவர் வாய் திறக்குமுன் உள்ளிருந்து அம்மையின் குரல் வந்தது.

“உங்களோடு வந்தவர் எங்கே, தம்பி?”

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. நண்பன் பிரதாப் விடியலுக்கு முன் மூன்றாவது வளைவில் வழுக்கி விழுந்ததையும், கால் பாறையிடுக்கில் சிக்கி முறிந்ததையும், தான் மட்டும் உதவி தேடி இறங்கியதையும் அழுதுகொண்டே சொன்னான். இருவரும் பின்னலாடை ஆலையில் தினக்கூலிகள். பலகையைப் பார்த்ததும் ஊரில் யாரிடம் கடன் கேட்பது என்று யோசிக்கத் தொடங்கியவன், ஐந்து மணி நேரமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டான்.

அம்மை மேல்பதிக்குக் கேட்கும்படி மடத்து மணியை அடிக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் ஜடையனும் மற்ற ஐவரும் மூங்கிலோடும் கயிற்றோடும் வந்து சேர்ந்தார்கள். முறிந்த கால் ஆடாமல் இருக்க ஏதாவது தட்டையாக வேண்டும் என்றார் ஜடையன். அம்மை மழையில் இறங்கிப் போய்ப் பலகையைப் பிடுங்கி, மண்ணை முந்தானையால் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஜடையன் அதை ஒருமுறை படித்தார்.

“இது தாங்கும், ஆத்தா. நல்ல தேக்கு” என்றார்.

திருமேனிநாதர் தாமும் மேலே வருவதாகச் சொன்னார். ஜடையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“வேண்டாங்க சாமி. அப்புறம் ரெண்டு டோலி கட்டணும்.”

மற்றவர்கள் சிரித்தார்கள்; ஆறு பேரும் மலையேறினார்கள்.

“அப்படியானால் நான் என்ன செய்ய, அம்மா?”

அம்மை மூலையில் கிடந்த தகர டப்பாவையும் ஒரு குச்சியையும் எடுத்து நீட்டினார். “மயிலும் குரங்கும் மழைக்கு நிற்கா. ஜடையன் வயலில் எஞ்சியது கொஞ்சம்தான்.”

பகல் முழுவதும் அவர் அந்த வயலின் பரணில் நனைந்தபடி தகரம் தட்டினார். மயிலை விரட்டினால் குரங்கு வந்தது. குரங்கை விரட்டித் திரும்பினால் கண் மலைக்குப் போனது. அங்கே மேகம் மட்டுமே இருந்தது. கீழ் வரப்பில் நவநீதன் ஓடி ஓடிக் கல் எறிந்துகொண்டிருந்தான்.

மாலை ஐந்து மணிக்கு டோலி இறங்கியது. பிரதாப்புக்கு நினைவு இருந்தது. கால் கறுத்திருந்தது. அதன் அடியில் பலகை இருந்தது. ‘செலுத்த வேண்டும்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆஸ்பத்திரி வண்டி அவனையும் நவநீதனையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஆறு பேருக்கும் அம்மை தாமே சோறு பரிமாறினார். அவர்கள் போனபின் திருமேனிநாதர், ஈர வேட்டியோடு, எதிரில் வந்து நின்றார்.

“பலகை தவறு, அம்மா. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி தவறில்லையே. எவனோ மீறுகிறான், இவர்கள் சுமக்கிறார்கள். இதற்கு யார்தாம் கொடுப்பது?”

“மேல்பதியில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஜடையனிடம் கேட்டீர்களா?”

“இல்லை.”

“டோலி சுமக்கப் போனவர் வயலைப் போகாதவர் காப்பார். காலங்காலமாக அப்படித்தான்.”

“புரட்டாசியில் அந்த வழக்கம் எங்கே போயிற்று?”

“ஆறு பேரும் மலையில் இருந்தார்கள். பெண்கள் காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போயிருந்தார்கள். போகாதவர் என்று பதியில் ஒருவரும் இல்லை.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன், அம்மா.”

அம்மை எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக மடித்து எடுத்தார்.

“அன்று மடத்தில் நாம் பதினொரு பேர் இருந்தோம், ஐயா.”

திருமேனிநாதர் குனிந்து, எஞ்சியிருந்த இலைகளை மடிக்கத் தொடங்கினார்.

ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பிரதாப் அந்த வாரமே இரண்டு கால்விரல்களைக் கொடுத்தான். தை மாதத்தில் நவநீதன் வந்து நான்காயிரம் ரூபாய் கொடுத்தான்; ஆறு பேரும் ஆளுக்கு ஒருநாள் கூலியை எடுத்துக்கொண்டு, மீதிக்குப் புதுக் கயிறு வாங்கினார்கள். புரட்டாசியில் போனவன் இன்றுவரை ஒன்றும் கொடுக்கவில்லை. டோலிக்கு மணி அடிக்கும்போதெல்லாம், மடத்தில் இருப்பவர்கள் தகர டப்பாக்களோடு வயலுக்குப் போகிறார்கள். முதலில் கிளம்புபவர் திருமேனிநாதர்.