இன்டு போட முடியாத பெட்டி

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்து மூன்று. அச்சுப் பிழை ஒன்றும் இல்லை, அப்படித்தான்.

சீடர் பெயர் கஸ்பார். இருபது வருஷம் படகுகளில் வயர்லெஸ் செட் பழுது பார்த்துவிட்டு, வெப் பக்கம் செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர். குரு ஜெசிந்தா, மணல்துறை ஐஸ் கம்பெனி மாடியில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு அந்த வேலை செய்பவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

மணல்துறைப் படகுச் சங்கத்துக்கு அவர்கள் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தார்கள். சங்கத்தில் அறுபத்திரண்டு படகு. கடலுக்குப் புறப்படுமுன் ஒவ்வொருவரும் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து டோக்கன் எடுக்க வேண்டும். அதில் அலர்ட் பெட்டிகள் கஸ்பாரின் பொறுப்பு. திரையின் மேலிருந்து இறங்கி வந்து சேதி சொல்லுமே, அந்தப் பெட்டிகள்.

மனிதருக்கு அதில் கொள்ளை ஆசை. உள்ளே வந்தால் பச்சையில் 'நல்வரவு'. டோக்கன் எடுத்தால் இன்னொரு பச்சை. ஐஸ் தயாரானால் நீலம், கோயில் கொடியேற்றத்துக்கும் நீலம். டீசல் பங்க் மூடினால் மஞ்சள். காற்றென்றால் சிவப்பு. இப்படி ஒன்பது பெட்டி. ஒவ்வொன்றின் மூலையிலும் மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி. மணல்துறையில் அதற்குப் பெயர் இன்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்புப் பெட்டி போன பிறகும் ஒரு படகு கடலுக்குள் போனது. கஸ்பாரின் தங்கை புருஷன் சூசையின் படகு. அலையில் இன்ஜின் நின்று, வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு, வேறொரு படகு கட்டியிழுத்துக் கரை சேர்ந்தார்கள். அவர்கள் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

"பெட்டி வரலையா மாப்ள?" என்று கேட்டார் கஸ்பார்.

"வந்துச்சு மச்சான்."

"படிக்கலையா?"

"இன்டு போட்டேன். அது வந்தா இன்டு போடுறதுதானே."

தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் கஸ்பார் நேரே மாடியேறினார்.

"டீச்சர், சிவப்பை இன்னும் பெரிசாக்கவா?"

ஜெசிந்தா ஒன்பது பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"மணியடிக்க வைக்கவா? துடிக்க வைக்கவா?"

"நாளைக்குக் காலையில வாங்க அண்ணாச்சி."

மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் வந்து உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டது.

"அண்ணாச்சி."

"சொல்லுங்க டீச்சர்." எழுந்தே நின்றுவிட்டார்.

"ஃபேன் ஓடுது."

"ஆமா. ஓடுது."

"அண்ணாச்சி."

"டீச்சர்?"

"நீங்க வந்துட்டீங்க."

இரண்டு நிமிஷத்துக்கு ஒரு அண்ணாச்சி. டீ வந்ததற்கு ஒன்று, டீ தீர்ந்ததற்கு ஒன்று, இன்று புதன்கிழமை என்பதற்கு ஒன்று. எழுந்து நின்றவர் பிறகு தலையை மட்டும் திருப்பினார். பிறகு 'உம்' என்றார். பதினொரு மணிக்கெல்லாம் அந்த உம்மும் போய்விட்டது. டீச்சருக்கு இன்றைக்கு ஏதோ சரியில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க தங்கச்சி கீழ நிக்குது."

கீபோர்டு நிற்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட இறங்கியபோது படிக்கட்டின் கீழே அவர் தங்கை அமலி நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்க?"

"அரை மணி நேரமாச்சு. வேலை நடக்கிற இடத்துக்கு மேல வரக் கூச்சமா இருந்துச்சு. டீச்சர் சொல்லலையா?"

டீச்சர் சொல்லியிருந்தாள். காதிலும் விழுந்திருந்தது.

"அந்தப் பெட்டியை எப்படியாவது சரிபண்ணுண்ணே," என்றாள் அமலி. "இன்னொரு தடவை அவர் தப்பிச்சு வருவாருன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

கஸ்பார் சாப்பிடப் போகவில்லை. திரும்ப மேலே ஏறி, எட்டுப் பெட்டிகளை அழித்தார். ஒவ்வொன்றும் ஒரு வாரம் உட்கார்ந்து இழைத்தது.

மிச்சம் சிவப்பு. அதில் 'பலத்த காற்று வீசக்கூடும் என எச்சரிக்கப்படுகிறது' என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, 'இன்னைக்குக் காத்து அடிக்கும். படகை இறக்காதீங்க' என்று எழுதினார். மூலையிலிருந்த இன்டை எடுத்தார். அதற்குப் பதில் கீழே இரண்டு பொத்தான் வைத்தார். ஒன்றில் 'போகல'. இன்னொன்றில் 'போயிட்டு வாறேன்'. இரண்டில் ஒன்றை அமுக்கினால்தான் பெட்டி போகும்; அது மறைந்தால்தான் டோக்கன் எடுக்க முடியும்.

ஜெசிந்தா வந்து பார்த்தாள். முதல் பொத்தானை விட்டுவிட்டாள். இரண்டாவதில் இருந்ததை அழித்து, 'போறேன்' என்று போட்டாள்.

கஸ்பார் பதறிப்போனார். "டீச்சர், வாசல் தாண்டும்போது அந்தச் சொல்லை இங்க ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அதுவும் கடலுக்குப் போறவன் வாயில வரவே கூடாது."

"வாறேன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"வருவாங்கன்னு நீங்க பொறுப்பேத்துக்கிடுவீங்களா?"

கஸ்பார் 'போறேன்' என்பதை அப்படியே விட்டு, பக்கத்தைச் சேமித்தார்.

அதற்கப்புறம் ஒரு மாசத்துக்கு ஒரு பெட்டியும் வரவில்லை. "என்ன மச்சான், உங்க பெட்டி செத்துப்போச்சா?" என்று சூசை டீக்கடையில் வைத்துக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கஸ்பார் டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியம்தான் படகுகள் புறப்படும். காலை பத்து மணிக்குச் சங்கத்துக்குக் காற்றுச் சேதி வந்தது. வெளியே வானம் பளிச்சென்று இருந்தது. கஸ்பார் சிவப்புப் பெட்டியை அனுப்பிவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தார். பதில்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்து விழும்.

போகல. போகல. அரை மணி நேரத்தில் பத்தொன்பது. பதினொன்றரைக்கு நாற்பத்தெட்டு. பன்னிரண்டுக்கு அறுபத்தொன்று.

ஒரு படகு பாக்கி. போன் அடித்தது. சூசைதான்.

"மச்சான், இன்டு எங்க?"

"இல்ல மாப்ள."

"வெயில் எப்படி அடிக்குன்னு பாத்தீங்களா? காத்தாம் காத்து. புது வலை ஏத்தியாச்சு, ஆளு ஏறியாச்சு. நான் கிளம்பணும்."

"கிளம்பணும்னா அமுக்கு."

"எதை அமுக்க?"

"ரெண்டுதானே இருக்கு."

"எவன்ல இதை எழுதினது?" என்றான் சூசை. "அமலி பக்கத்துல நிக்கா. அவ பாக்க இதை நான் எப்படி அமுக்க?"

கஸ்பாருக்குச் சொல்வதற்கு நூறு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையாட்டினாள், வேண்டாம் என்று.

"விரல் போக மாட்டேங்கு மச்சான்," என்றான் சூசை. குரல் இறங்கியிருந்தது.

போன் கட்டானது. திரையில் அறுபத்திரண்டாவது 'போகல' விழுந்தது.

மூன்று மணிக்குக் காற்று வந்தது. சொல்லி வைத்த மாதிரி வந்து, ஐஸ் கம்பெனிக் கூரைத் தகரத்தில் இரண்டைப் பிய்த்துக்கொண்டு போனது. கடல் ரோடு வரைக்கும் ஏறியது. ஐந்து மணிக்கு அடங்கியபோது அறுபத்திரண்டு படகும் மேட்டு மணலில் பத்திரமாகக் கிடந்தன. கஸ்பார் ஜன்னலில் நின்று எண்ணினார். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், ஐம்பத்தொரு வயசு மனிதர் நின்ற இடத்திலேயே குதித்தார்.

"ஜெயிச்சிட்டோம் டீச்சர்."

"ஜெயிச்சிட்டோம் அண்ணாச்சி." அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

கஸ்பார் ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். விரல்கள் பரபரத்தன.

"எல்லாப் படகும் பத்திரம்னு ஒரே ஒரு பெட்டி போட்டுக்கிடவா டீச்சர்? சின்னதா?"

அதற்குள் படிக்கட்டு அதிர ஆரம்பித்துவிட்டது. ஐம்பது அறுபது பேர் ஒரே மூச்சில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே சூசையின் குரல், அதற்கும் மேலே அமலியின் குரல், "அண்ணே, அண்ணே" என்று.

"அவங்களே சொல்ல வாறாங்க அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. "நீங்க எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறங்க."