மாப்பிள்ளைக் காருக்கு லாரி எஞ்சின்

எங்கள் ஊரிலிருந்து மேற்கே நாலு மைல் போனால் கெட்டிப்பாளையம். பெயரிலேயே கெட்டி இருக்கிறதே என்று நம்பி நீங்கள் அங்கே ஏதாவது வேலை கொடுத்துவிட்டு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. மற்றபடி தங்கமான மனிதர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் தொந்தரவே.

அந்த ஊரில் சென்னியப்பன் ஒரு கல்யாணக் கார் வைத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற திறந்த கார். முன்னால் தாம்பாளம் மாதிரி இரண்டு லைட்டு, அமுக்கினால் கழுதை மாதிரி கத்துகிற ரப்பர் ஹாரன், கதவில் தங்க எழுத்தில் '1931'. அத்தனையும் வேஷம். ஓட்டை ஜீப் ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல், பீரோ செய்கிற பட்டறையில், 2009ல் தகரம் தட்டிச் செய்த வண்டி அது. ஆனால் சென்னியப்பன் எல்லோரிடமும் "வெள்ளைக்காரத் துரை உக்காந்து போன வண்டிங்க" என்று சொல்வார். சொல்லிச் சொல்லி அவருக்கே துரை மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

உள்ளே இருந்தது கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பம்புசெட் எஞ்சின். அதற்கு நடக்கத்தான் தெரியும், ஓடத் தெரியாது. மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதானே வேண்டும்? முன்னால் நாதஸ்வரமும் தவிலும் நடக்கும். பின்னால் கார் நடக்கும். அதற்கும் பின்னால் சீர்த்தட்டோடு பெண்கள் நடப்பார்கள். நாதஸ்வரத்தைக் கார் முந்தக் கூடாது, அது முறை. ஒரே குறை, மேடு கண்டால் எஞ்சின் படுத்துவிடும். கல்யாண மண்டபமோ மேட்டு உச்சியில். அதனால் அந்த ஊர் மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் எட்டு ஆள் தள்ளித்தான் மண்டபம் போய்ச் சேர்ந்தார்கள்.

இத்தனை பேருக்குக் கார் விட்ட சென்னியப்பனுக்கு முப்பத்தெட்டு வயசாகியும் கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தொரு வீட்டில் பெண் பார்த்து, முப்பத்தொரு வீட்டிலும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, முப்பத்திரண்டாவதாகக் கோகிலவாணியைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கும் இவரைப் பிடித்துவிட்டது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். மனுஷனுக்குச் சந்தோஷத்தில் இரண்டு நாள் சோறே இறங்கவில்லை.

பெண்ணைப் பெற்ற நஞ்சப்பன்தான் ஒரு நிபந்தனை போட்டார்.

"இதா பாருங்க மாப்ள, என்ற பொண்ணைக் கட்ட வர்றவரு எஞ்சின் ஓடற சத்தத்தோட மண்டபத்து வாசல்ல வந்து எறங்கோணும். எட்டுப் பேரு தள்ளற கார்ல வரக் கூடாது. வந்தீங்கன்னா எறங்கவே வேண்டாம், அப்படியே திருப்பித் தள்ளச் சொல்லீருவேன். சாயந்திரம் அஞ்சே முக்காலுக்குள்ள நல்ல நேரம். அது தாண்டுனாலும் கல்யாணம் இல்ல."

முப்பத்து மூணாவது பஜ்ஜி தின்ன சென்னியப்பனுக்குத் தெம்பில்லை. கோயமுத்தூரில் சேவியர் என்று ஒரு மெக்கானிக். அவருக்குப் போன் போட்டார். பாவம் அந்த சேவியர், கெட்டிப்பாளையத்தோடு அவருக்கு அதுவரை பழக்கமில்லை.

"பம்புசெட்டை எறக்கிட்டு ஒரு லாரி எஞ்சினை வாங்கிப் போடுங்க" என்றார் சேவியர். "எஞ்சினைத் தவிர வேற எதையும் தொடாதீங்க. பழசைத் தூக்கிப் போட்டுறாதீங்க, எதுக்கும் பக்கத்துலயே வெச்சிருங்க. புது எஞ்சின் முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாப் போகணும். அப்புறம் முக்கியமா, பெரிய எஞ்சினுக்குச் சின்ன பிரேக் பத்தாது."

ஒரு வார்த்தை விடாமல் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்.

வேலையை எடுத்துக்கொண்டவர் ராக்கியப்பன், சென்னியப்பனின் பெரியப்பா மகன். ஊரில் பம்புசெட்டு ரிப்பேர் செய்கிறவர். அவர் காலண்டர் தாளை மூன்று தரம் படித்துவிட்டு, ஆடு மேய்க்கிறவரிடம் ஒரு தொரட்டி வாங்கி வந்தார். இலை பறிக்கிற கொக்கிக் கம்பு.

"எதுக்குங்ணா தொரட்டி?" என்று கேட்டார் கார் ஓட்டுகிற மாரண்ணன்.

"எஞ்சினைத் தவிர வேற எதையும் தொடக் கூடாதாம். மேல இருக்கற மூடி எஞ்சினா?"

"இல்லீங்ணா."

"பொறகு கையில எப்படித் தொடறது?"

மூடியைத் தொரட்டியால்தான் தூக்கினார்கள். இறக்கிய பழைய எஞ்சினை, எதுக்கும் பக்கத்தில் இருக்கட்டும் என்று சென்னியப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர் கடைக்குப் போனால் அதை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்திலேயே கொண்டு போனார்கள். அதைச் சுமப்பதற்கு, இதுவரை காரைத் தள்ளிக்கொண்டிருந்த அதே எட்டுப் பேர்.

லாரி எஞ்சின் வந்து இறங்கியது. பார்த்ததும் சென்னியப்பன் முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்ணா, இது பளபளன்னு இருக்குதே? 1931 வண்டிக்குள்ள இதைப் போட்டா துரை என்ன நெனைப்பாரு?"

ராக்கியப்பன் நெடுநேரம் யோசித்தார். "வண்டி புதுசு. பழசு மாதிரி பண்ணி வெச்சிருக்கறோம். அதே மாதிரி எஞ்சினையும் துருப்பிடிக்க வெச்சுட்டாச் சரியாப் போச்சு."

"துருப்பிடிக்க நாளாகுமே?"

"ஆயிரம் கிலோமீட்டர் போகோணுமல்ல? போற வழியில புடிச்சுக்கும்."

அவர்கள் செய்ததை உள்ளபடியே சொல்கிறேன், சிரிக்காதீர்கள். புது எஞ்சினை ஒரு டெம்போவில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, மெதுவாகக் கன்னியாகுமரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே இறக்கி, மூன்று தரம் கடலில் முக்கி எடுத்தார்கள். துருவுக்குத் துருவும் ஆச்சு, புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆச்சு. ஈரத்தோடு திரும்பி வந்து டெம்போவின் மீட்டரைப் பார்த்தால் எண்ணூற்று எழுபதுதான் காட்டியது. மீதி நூற்று முப்பது கிலோமீட்டரையும் பிள்ளையார் கோயிலைச் சுற்றிச் சுற்றியே ஓட்டி முடித்தார்கள். அதற்கே இரண்டு நாள் ஆனது. பூசாரிக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது.

"ஆயிரம் கிலோமீட்டர் போயிருச்சு" என்று காலண்டர் தாளில் டிக் அடித்தார் மாரண்ணன். அதன் பிறகுதான் எஞ்சினைக் காரில் மாட்டினார்கள்.

பிரேக் விஷயத்துக்குத்தான் ஊர்க்கூட்டம் மாதிரி உட்கார வேண்டியதாயிற்று.

"பெரிய பிரேக் போடோணும்னா பிரேக்கைத் தொடோணும். தொடக் கூடாதுன்னும் சொல்லியிருக்கறாரு" என்றார் ராக்கியப்பன்.

"இருக்கற சின்ன பிரேக் பத்தாதுன்னும் சொன்னாருங்ளே" என்றார் மாரண்ணன்.

"பத்தாத சாமான் வண்டியில எதுக்கு? அதுவுமில்லாம கண்ணாலத்துக்குப் போற வண்டியில தடைங்கற பேச்சே ஆகாது."

"அட, ஆமாங்ணா! இத்தனை வருசம் எனக்குக் கண்ணாலம் தள்ளித் தள்ளிப் போனது இந்த பிரேக்கினாலதான்!" என்று சென்னியப்பன் கண் கலங்கிவிட்டார்.

பிரேக்கைத் தொரட்டியால் இழுத்து வெளியே போட்டார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு வந்தது. சாயந்திரம் நாலரை மணி. பிள்ளையார் கோயில் வாசலில் பட்டு வேட்டி, மாலை, நெற்றியில் சந்தனம் என்று சென்னியப்பன் காரில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் லோடு ஆட்டோவில் பழைய எஞ்சின், ராக்கியப்பன், எட்டு ஆட்கள்.

மாரண்ணன் சாவியைத் திருப்பினார். கோயில் மரத்திலிருந்த காக்காய் அத்தனையும் அந்த ஊரை விட்டே போய்விட்டன. இருக்கிறதிலேயே மெதுவான கியரைத்தான் போட்டார், அவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் செங்கல் பாரம் இழுக்கவே பிறந்த எஞ்சினுக்குத் தகர டப்பா ஒரு பாரமா?

"நாதஸ்வரத்தை முந்தாதீங்ணா! முறை கெட்டுப் போயிரும்!" என்று கத்தினார் சென்னியப்பன்.

"நான் முந்தலீங்க. அவங்களைத்தான் வேகமாப் போகச் சொல்றேன்" என்று மாரண்ணன் ஹாரனை அமுக்கினார்.

நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே ஓடினார். பிறகு ஊதாமல் ஓடினார். பிறகு டீக்கடைக்குள் ஓடினார். தவில்காரர் ஏற்கெனவே அங்கே பெஞ்சுக்கு அடியில் இருந்தார். சீர்த்தட்டுக்காரப் பெண்கள் புகையில் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள்.

மேட்டு உச்சியில் நஞ்சப்பன் ஆரத்தித் தட்டோடு பெண்களை நிறுத்தி வைத்திருந்தார். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டதுமே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கார் மேடேறியது. ஒரு ஆள் தள்ளவில்லை. "அடடா, மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளை!" என்று கையைத் தட்டினார். ஜன்னலோரம் நின்றிருந்த கோகிலவாணிக்கும் பெருமை தாங்கவில்லை.

கார் வாசலுக்கு வந்தது. வந்த வேகத்தில் வாசலைத் தாண்டியது.

"மாமா, கும்பிடறேனுங்..." என்று ஒரு குரல் கேட்டது. மிச்சத்தை அடுத்த ஊரில் யாராவது கேட்டிருப்பார்கள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி, ரோடு திரும்பிய இடத்தில் திரும்பாமல், ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடலைக்காட்டுக்குள் டீசல் தீர்ந்துதான் அது நின்றது. மணி ஐந்து. சென்னியப்பன் காரை விட்டு இறங்காமல் அழுதார். மாலையில் பாதிப் பூ இல்லை.

"போச்சுங்ணா, எல்லாம் போச்சு. முக்கா மணி நேரந்தான் இருக்குது. இனி எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்?"

லோடு ஆட்டோ வந்து சேர்ந்தது. வழியில் டீக்கடையிலிருந்து மேளக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எட்டுப் பேரும் யாரும் சொல்லாமலே இறங்கிப் போய்க் காரின் பின்பக்கம் கையை வைத்தார்கள். பழக்கம்.

"எடுங்கடா கையை! தள்ளுனாக் கண்ணாலம் இல்ல!" என்று ராக்கியப்பன் அலறினார். பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்து, "மாமா சொன்னதை அப்படியே சொல்லு" என்றார் சென்னியப்பனிடம்.

"எஞ்சின் ஓடற சத்தத்தோட வரோணும்னாரு. எட்டுப் பேரு தள்ளற கார்ல வரக் கூடாதுன்னாரு."

ராக்கியப்பன் லோடு ஆட்டோவைப் பார்த்தார். அதிலிருந்த பம்புசெட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

சரியாக ஐந்து நாற்பதுக்கு லோடு ஆட்டோ மண்டபத்து வாசலில் வந்து நின்றது. முறை கெடக் கூடாது என்று நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் டிரைவர் தலைக்கு மேலே கூரையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஆட்டோ அவர்களை முந்த முடியாது அல்லவா? பின்னால் பம்புசெட் எஞ்சின் டுப்பு டுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா ஓடியது. அதன் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, மாப்பிள்ளை குலுங்கிக் குலுங்கி உட்கார்ந்திருந்தார்.

நஞ்சப்பன் கிட்டே வந்தார். காதைக் கொடுத்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். வாட்சைப் பார்த்தார். ஆட்டோவைச் சுற்றிவந்து பின்னால் யாராவது தள்ளுகிறார்களா என்று குனிந்தும் பார்த்தார்.

"அதெல்லாஞ் செரி மாப்ள. கார் எங்க?"

"பின்னால வந்துட்டிருக்குதுங் மாமா. எட்டுப் பேரு தள்ளிட்டு வர்றாங்க. நான்தான் அதுல இல்லீங்களே!"

நஞ்சப்பன் தான் போட்ட நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கல்யாணம் நிற்பதா நடப்பதா என்பது அந்த ஒரு நிமிஷத்தில் இருந்தது. பிறகு அவர் மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இந்த மூளை வேற எவனுக்கு வரும்! சொன்ன சொல்லு மாறாத மனுசன்!" நான் சொல்ல மறந்துவிட்டேன், நஞ்சப்பனுக்கும் கெட்டிப்பாளையந்தான்.

மறுநாள் காலை தாலி கட்டியாயிற்று. பெண்ணை அனுப்புகிற நேரத்தில் நஞ்சப்பன் மறுபடியும் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "என்ற பொண்ணு அந்தத் துரை வண்டியிலதான் போகோணும். ஒருத்தரும் தள்ளவும் கூடாது."

இந்த முறை கூட்டம் இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. மண்டபத்திலிருந்து சென்னியப்பன் வீட்டுக்கு ஒரே இறக்கம். இறக்கத்துக்கு எஞ்சின் எதற்கு? வீண் பாரம். ராக்கியப்பன் லாரி எஞ்சினையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். மாரண்ணன் முன்னால் உட்கார்ந்தார், மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால். சக்கரத்துக்கு அடை கொடுத்திருந்த கல்லை ராக்கியப்பன் தொரட்டியால் இழுத்தார். ஊரே கையைத் தட்டியது.

கார் சத்தமே இல்லாமல் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் கோகிலவாணி கூந்தலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க, இது எங்கீங்க நிக்கும்?"

சென்னியப்பன் யோசித்தார். நல்ல கேள்விதான். "இரு கண்ணு, சேவியர் அண்ணனையே கேட்டுப் போடலாம்" என்று ஜோபியிலிருந்து போனை எடுத்தார். டீக்கடையைத் தாண்டும்போது மணி அடித்தது. பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது சேவியர் எடுத்தார்.

"காத்துச் சத்தந்தான் கேக்குது. ஓடற வண்டியில இருந்து பேசாதீங்க. வண்டியை நிறுத்திட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

"செரிங்ணா" என்று சென்னியப்பன் போனை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நிற்பதற்காகக் காத்திருந்தார்.