குறுக்குக் கீறல்

“முழுசா எடுத்துட்டேன் மேடம். எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு வந்துச்சு. திரும்ப எதுக்கு வெட்டணும்?”

கேட்டவர் அருளப்பன். கோவில்பட்டியில் இருபத்தாறு வருஷமாகக் கத்தி பிடிக்கும் டாக்டர். பதில் சொல்ல வேண்டியவர் தையல்நாயகி. புற்றுநோய் அறுவையில் கைதேர்ந்தவர், அவரைவிடப் பதினோரு வயது இளையவர். கற்றுக்கொள்ள வந்தவருக்குத்தான் தலை நரைத்திருந்தது.

இருவருக்கும் நடுவே, மேசைமேல் வலது கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள் செண்பகவடிவு. பதினேழு வயது. முழங்கைக்குக் கீழே இருந்ததைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்துப் போன மாதம் அருளப்பன் எடுத்துவிட்டார். பரிசோதனை முடிவு வேறு சொன்னது. சார்கோமா. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத சதைப் புற்று, வந்தால் இந்த வயதுப் பிள்ளைகளையும் விடாது.

தையல்நாயகி தோலில் குறி போடும் ஊதாப் பேனாவை அவரிடம் நீட்டினார்.

“உங்க கத்தி போன இடத்தைச் சுத்திக் கோடு போடுங்க சார்.”

அருளப்பன் அவள் கைமேல் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

“உள்ள விட்டுத் துழாவின விரல்?”

வட்டம் பெரிதாயிற்று.

“ரத்தம் கசிஞ்ச இடம்? வடியறதுக்குக் குழாய் வச்ச ஓட்டை?”

கோடு மணிக்கட்டை நெருங்கியது. பேனா நின்றுவிட்டது.

“இவ்வளவுமா எடுக்கணும்?”

“இவ்வளவும்தான். நீங்க தொட்ட இடத்துல எல்லாம் புத்துச் செல் எங்கெங்க சிந்தியிருக்குன்னு இனிமே யாருக்குத் தெரியும்? கை நீளத்துக்கு நெடுக்க வெட்டியிருந்தா இதுல பாதி போதும். ஏன் சார் குறுக்க வெட்டினீங்க?”

“தோல் மடிப்போட போனா தழும்பு தெரியாது. நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு.”

நல்லது நினைத்துத்தான் செய்தார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“வெட்டுறதுக்கு முன்னால ஊசி போட்டுத் துளி சதை எடுத்து, நீ யாருன்னு கட்டியைக் கேட்டீங்களா?”

“இல்ல.”

அருளப்பன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“கை தப்புமா மேடம்?”

“முதல்ல ஸ்கேன். அப்புறம் கதிர்வீச்சு. அதுக்கப்புறம்தான் வெட்டு. கையைக் காப்பாத்திடலாம். ரெண்டு விரல் மடங்காமப் போகலாம்.”

அருளப்பன் மெல்லச் செண்பகவடிவின் பக்கம் திரும்பினார்.

“தழும்பு தெரியக் கூடாதுன்னுதாம்மா...”

அவள் தழும்பைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு விரலாக மடக்கி, நீட்டி, மடக்கிக்கொண்டிருந்தாள்.

“எந்த ரெண்டு விரல், சார்?”